ததேயுஸ் டிரம் நகல் இல்லை

நமது பங்குக் கோயிலின் விழா மலரில் ஆண்டுதோறும் ஊர்க்காரர் ஒருவருடைய வாழ்க்கையை எழுதிப் போடுகிறார்கள். இந்த ஆண்டு என்னைப் பற்றிப் போடலாம் என்று முடிவானதும், யார் எழுதுவது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. நானே எழுதுகிறேன் என்று எழுந்து சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி என்னைவிட விவரமாக எழுத எங்கள் இனயம் ஊரில் ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். அந்த ஐந்தாம் வகுப்பும் முழுசாக இல்லை. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

லைட் செட் ததேயுஸ் என்று கேட்டால் கொல்லங்கோட்டிலிருந்து இராஜாக்கமங்கலம் வரை கடற்கரையில் எந்தக் கோயில் வாசலிலும் வழி சொல்வார்கள். ஆனால் நான் பிறந்தது வலைக்காரன் வீட்டில். கடலுக்குப் போகத்தான் என்னை வளர்த்தார்கள். என்ன செய்வது, வள்ளம் முதல் அலையைத் தாண்டும் முன்பே என் குடல் வாய்க்கு வந்துவிடும். எங்கள் அப்பா துடுப்பை நிறுத்திவிட்டு, "எலே, மீனுக்கு இரை போடவா உன்னக் கூட்டிட்டு வந்தேன்?" என்பார். வள்ளத்தில் இருந்த எல்லாரும் சிரிப்பார்கள். கரையில் பெண்களும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பிற்பாடு நான்தான் லைட் போட்டேன். முன்பணம் வாங்கிக்கொண்டுதான் போட்டேன்.

கடலுக்கு ஆகாதவன் என்று முடிவானபோது எங்கள் கரைக்குக் கரண்ட் கம்பி வந்துகொண்டிருந்தது. போஸ்ட் நட மணலில் குழி தோண்டப் போனேன். மணலில் குழி நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். பழைய தார் டின்னின் அடியை வெட்டிக் குழிக்குள் இறக்கித் தோண்டினால் சரியாது என்று சொன்னவன் நான். அந்த ஒரு வார்த்தைக்காக வயர்மேன் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அவர் சொல்லித் தரவில்லை. அவர் வேலை செய்யும்போது நான் கண்ணைச் சிமிட்டவில்லை, அவ்வளவுதான். இரண்டு முறை ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. கரண்டும் என்னிடம் தோற்றுப்போனது என்று அப்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்தில் திருவிழா வெளிச்சம் என்றால் பெட்ரோமாக்ஸ். அது உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும், ஒரு ஆள் பம்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பூச்சி வந்து விழுந்துகொண்டே இருக்கும். கரண்ட் வந்த பிறகு பல்புகளுக்குப் பெயிண்ட் அடித்துச் சரம் சரமாகத் தொங்கவிட்டோம். ஊர் வாயைப் பிளந்தது. அடுத்த ஆண்டே வாயை மூடிக்கொண்டது. "சும்மா எரியுது, அதுக்கென்ன?" என்றார்கள். எரிவது போதாது, ஓட வேண்டும்.

அதற்காக நான் செய்ததுதான் டிரம். பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். பலாக்கட்டையில் உருட்டிக் கடைந்த ஒரு உருளை. அதன்மேல் செம்புத் தகடுகளைப் பல நீளங்களில் வெட்டிச் சுற்றி ஆணி அடிக்க வேண்டும். மேலே வரிசையாகச் செம்பு நாக்குகள் அந்தத் தகடுகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு நாக்கிலிருந்தும் ஒரு பல்புச் சரத்துக்கு வயர் போகும். ஒரு சின்ன மோட்டார் உருளையைச் சுற்றும். நாக்குக்குக் கீழே தகடு வரும்போது அந்தச் சரம் எரியும், கட்டை வரும்போது அணையும். தகட்டை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டுகிறவன் மண்டைக்குள் முதலில் படம் ஓட வேண்டும்.

என் மண்டைக்குள் வள்ளம் ஓடியது. பிளைவுட் பலகையில் பல்புகளை வள்ளம் போலப் பதித்தேன். ஆறு பேர் துடுப்புப் போடுவார்கள், அடியில் அலை பின்னால் போகும். கடலில் ஓட்ட முடியாத வள்ளத்தைப் பத்து நாள் விழாவின் எட்டாம் திருவிழா அன்று கோயில் வாசலில் ஓட்டினேன். ஊரே நின்று பார்த்தது. அப்பாவும் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"துடுப்பு தண்ணில படுகது கொஞ்சம் பிந்திப் போச்சு," என்றார்.

மறுநாள் ஒரு தகட்டை விரல் அகலம் வெட்டினேன். ஒன்பதாம் திருவிழா அன்றும் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதுதான் சர்டிபிகேட்.

அதன் பிறகு அந்த டிரம் ஓடாத கோயில் இந்தக் கரையில் இல்லை. கரையை விட்டு உள்ளே குழித்துறை வரை போனது. சி.எஸ்.ஐ. சபைகளின் அசன விருந்துக்கும் ஓடியது, அம்மன் கோயில் கொடை விழாவுக்கும் ஓடியது. பிறகு எல்.இ.டி. வந்தது. இப்போது ஊரில் லைட் போடுகிற ஷைஜு கம்ப்யூட்டரைத் தட்டுகிறான், மயில் தோகை விரிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. டிரம்மைத் தார்ப்பாய் போட்டு ஷெட்டில் வைத்தேன். ஆனால் விற்கவில்லை. பழைய செம்புக்காரன் கேட்டு வந்தபோது நாயை அவிழ்த்துவிட்டேன்.

போன ஆண்டு நாகர்கோவிலிலிருந்து பெமிலா என்று ஒரு அம்மா வந்தார். அங்கே ஒரு அறக்கட்டளை அருங்காட்சியகம் நடத்துகிறது. அதில் விளக்குக்கும் மின்சாரத்துக்கும் தனியாக ஒரு அறை திறக்கப் போகிறார்கள், அதற்குப் பொறுப்பு இவர். ஷெட்டில் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஐயா, இப்படி ஒண்ணு நாங்க தேடின இடத்துல எங்கயும் இல்ல. நடு மேடையில வைக்கலாம்," என்றார்.

நடு மேடை! கடலில் வாந்தி எடுத்தவனுக்கு நடு மேடை. ஊர் முழுக்கச் சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா?

கொண்டுபோகும் நாள் விழாவின் எட்டாம் நாளாக அமைந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் கோயிலுக்குப் போய்த் திரும்பினால், முற்றத்தில் என் டிரம் புதுக் குத்துவிளக்கு போல மின்னுகிறது. பக்கத்தில் என் மருமகள் ஜின்சி, கையெல்லாம் புளி.

"ஏட்டி, என்ன செய்த நீ?"

"புளியும் உப்பும் போட்டுத் தேச்சேன் மாமா. கரிச்சட்டி கணக்கால்ல இருந்துது. நாலுபேரு பாக்குத இடத்துக்கு அப்படியா அனுப்புவிய? நம்ம வீட்டுப் பொருளுல்லா?"

"மேல என்னட்டி வழுவழுன்னு இருக்கு?"

"தேங்கெண்ணெய். ஒரு பளபளப்பு வேண்டாமா?"

கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் புளிச்சக்கையைப் பெருக்கினாள். எங்கள் ஊரில் எந்தப் பாத்திரமும், கல்யாணப் பெண்ணோடு போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, தேய்க்காமல் வாசல் தாண்டாது. அவளுக்குத் தெரிந்த மரியாதையை அவள் செய்தாள். அது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

மறுநாள் காலை டெம்போ பிடித்து நானும் அவளும் டிரம்மோடு போனோம். அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிக்குள் பெட்ரோமாக்ஸ், பீங்கான் பியூஸ், மரப்பலகையில் கத்தி சுவிட்ச், கரி இழை வைத்த பழைய பல்பு, அரண்மனைக் காலத்து மீட்டர். பாதிச் சாமானைப் பழைய ஆட்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். நடுவில் ஒரு மேடை காலியாக இருந்தது. மேலேயிருந்து லைட் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஜின்சி என் முழங்கையைக் கிள்ளினாள்.

சாமான்களைப் பார்த்து முடிவு சொல்ல வெளியூரிலிருந்து ஒரு வல்லுநர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டிரம்மைச் சுற்றி வந்தார்.

"இது எப்ப செஞ்சது? புதுசு போல இருக்கே?"

"ஓட்டிக் காட்டுதேன், பாருங்க," என்று ஒரு பல்புச் சரத்தை மாட்டிப் பிளக்கைச் சொருகினேன். டிரம் சுற்றியது. நாக்கு தகட்டைத் தொட்டதும் எண்ணெய் பொரிந்தது. பப்படம் கரிந்த நாற்றம். புகை கிளம்ப, காவலாளி தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பெமிலா அம்மாதான் பிளக்கைப் பிடுங்கினார்.

வல்லுநர் இருமி முடித்துவிட்டுக் கேட்டார். "இதுல முதல்ல செஞ்ச பாகம் எது எது?"

பெருமையாகச் சொன்னேன், இன்றும் பெருமையாகவே சொல்வேன். "கட்டை மூணாவது. முதல் பலாவக் கறையான் தின்னுட்டு, ரெண்டாவது வெடிச்சுட்டு, இது அயனி மரம். தகடு தேயத் தேய மாத்துவேன். மோட்டார் முதல்ல தையல் மெஷின்ல உள்ளது, இப்ப டேபிள் ஃபேன்ல உள்ளது. நாக்கு வருசா வருசம் புதுசு. நான் எதையும் செத்துப்போக விட்டதில்ல."

வல்லுநர் பெமிலா அம்மாவைப் பார்த்தார். இருவரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து பெமிலா அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஐயா, வைக்கிறோம். ஆனா அட்டையில 'நகல்'னு போடணும்னு சொல்லுறாங்க. முதல்ல செஞ்ச பாகம் ஒண்ணுமே இல்லல்லா. நடு மேடைக்குப் பதிலா அந்த மூலையில."

"எதுக்கு நகல்? எதப் பாத்து இதச் செஞ்சேன்? முதல் டிரம் எங்க இருக்கு? கொண்டாருங்க, பக்கத்துல வச்சுப் பாப்போம்."

வல்லுநர் பொறுமையாகச் சொன்னார். "பெரியவரே, தேய்க்காம விட்டிருந்தாலாவது, பழைய கரி, தேய்மானம் எல்லாம் வச்சு எதாவது சொல்லலாம். யாரு இத இப்படித் தேச்சது?"

ஜின்சி முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். முந்தின நாள் நானே கத்தியவன்தான். ஆனால் என் வீட்டுப் பெண்ணை நான் திட்டலாம், அடுத்தவன் கேள்வி கேட்கலாமா?

"எங்க வீட்டுல தேச்சது. நல்லாத்தான் தேச்சிருக்கு. கரி புடிச்ச சாமான இனயத்துல இருந்து யாரும் வெளிய அனுப்ப மாட்டாவ. முதல்ல உள்ள பாகம் வேணும்னு கேட்டியளே, நான் இருக்கேன். கட்டை மாறிச்சு, செம்பு மாறிச்சு. வெட்டுன கை மாறல்ல. மேடையில என்ன ஏத்தி நிறுத்துங்க, அட்டையில ஒரிஜினல்னு போடுங்க. முடியாதுன்னா நான் டிரம்மோட போறேன். ஏட்டி ஜின்சி, அந்தப் பக்கம் பிடி!"

இருவரும் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். அது கனமானது. யாரையும் பிடிக்க விடவில்லை.

டெம்போ தக்கலை தாண்டும்வரை அவள் டிரம்மைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாக, "நான் தேய்க்காம இருந்திருந்தா வச்சிருப்பாவ, இல்லியா மாமா?" என்றாள்.

"அப்படி வச்சா அந்த இடம் நமக்கு வேண்டாம் மக்கா," என்றேன். கருங்கலில் நிறுத்தி அவளுக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் எனக்குக் கேட்கத் தெரியாது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயில் வாசலில் டெம்போவை நிறுத்தினேன். ஷைஜு ஏணிமேல் நின்று எல்.இ.டி. கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, மியூசியம் திருப்பி அனுப்பிட்டா?"

"நான் மியூசியத்தத் திருப்பி அனுப்பிட்டேன். தேர் வர்ற வழியில வடக்குப் பக்கம் எனக்கு விடு."

"உங்க சாமான் என் மயிலக் கருக்கிரப்பிடாது, கேட்டியளா?"

"உன் மயிலு என் வள்ளத்தப் பாத்துத் தோகைய மடக்காம இருந்தாப் போதும். போ லே."

சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, என் ஷெட்டிலிருந்து வள்ளப் பலகையைத் தூக்கி வர அவனே கை கொடுத்தான். ஜின்சி எண்ணெயைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தாள். தகடுகளை நான் உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தேன். தேர் கிளம்பும்போது சுவிட்சைத் தட்டினேன்.

வள்ளம் ஓடியது. ஆறு பேரும் துடுப்புப் போட்டார்கள். துடுப்பு பிந்தவில்லை. செம்பு மின்னியதில் நாக்குகளின் பொறி நீலமாகத் தெரிந்தது. அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் டிரம்மைச் சுற்றி நின்றது. தேரைத் தோளில் தூக்கி வந்தவர்கள் என் வள்ளத்தின் முன்னால் சற்று நின்றுதான் போனார்கள். தோள் வலித்ததால் நின்றார்கள் என்று ஷைஜு சொல்கிறான். சொல்லட்டும்.

கூட்டத்தில் பெமிலா அம்மாவும் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. தேர் போன பிறகு அருகில் வந்தார்.

"ஐயா, நான் திரும்பவும் கேட்டுப் பாக்கட்டா?"

மூன்று காரியம் சொன்னேன். அட்டையில் நகல் என்ற வார்த்தை கூடாது, ததேயுஸ் செய்தது, இனயம் என்று இருக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே சுவிட்ச் வேண்டும், வருகிறவன் தட்டினால் ஓட வேண்டும். விழாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை டிரம் ஊருக்கு வர வேண்டும், திரும்பிப் போகும்முன் ஜின்சி புளி போட்டுத் தேய்ப்பாள்.

"புளியுமா?" என்றார் அவர்.

"எண்ணெய் வேண்டாம். புளி வேணும்."

ஜின்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

முதல் இரண்டுக்கும் சம்மதம் வந்துவிட்டது. நகல் என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள், அதற்காக அந்த அம்மா எத்தனை பேரிடம் சண்டை போட்டாரோ, நன்றி. மூன்றாவதுதான் நடக்கவில்லை. உள்ளே வந்த பொருள் வெளியே போகக் கூடாது, தேய்க்கவே கூடாது என்பது அவர்கள் சட்டமாம். சரி, அது அவர்கள் சட்டம். என் சட்டத்தை நானும் சொல்லிவிட்டேன், டிரம் ஊரிலேயே இருக்கிறது.

நடு மேடையை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார்கள், லைட்டும் எரிகிறது என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். எரியட்டும். டிரம்மைப் பார்க்க வேண்டியவர்கள் இந்த ஆண்டு எட்டாம் திருவிழாவுக்கு இனயம் வரட்டும். தேர் வருகிற வழியில், வடக்குப் பக்கம். ஜின்சி புளி ஊறப் போட்டுவிட்டாள்.