துணியை அவிழ்த்த மதினி

நீலக்கரை போட்ட அந்தப் பழைய நூல் சேலைத் துண்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. சின்னவன் பிறந்ததும் வயிறு தொங்கிவிடக் கூடாது என்று என் தாயார் இறுக்கிக் கட்டிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் அது வழக்கம். நாற்பது நாளில் அவிழ்க்க வேண்டியதை ஒரு வருஷமாகியும் நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் இடுப்பு இரண்டாகிவிடும் போலிருக்கும். அரைக்குடம் தண்ணீர் தூக்கினாலே முதுகில் சுளீர் என்று பிடிக்கும்.

அது எழுபதுகளின் கடைசி. சமயநல்லூரில் குடியிருந்தோம். சின்னவன் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் முளைப்பாரி எடுக்கிறேன் என்று அம்மனிடம் வேண்டியிருந்தேன். பிழைத்துக்கொண்டான். மண்ணும் பயிருமாய் அந்தச் சட்டி நல்ல கனம். தலையில் ஏற்றினால் கோயில் போய்ச் சேரும்வரை இறக்கக் கூடாது. அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வழியில் இறக்கிவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரரின் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதுரையில் சித்தாள் வேலை பார்த்தார். செங்கல்லைத் தலையில் அடுக்கி மாடிக்கு ஏற்றுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், நான் குடம் தூக்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்னத்தா, கொக்கு மீனக் கொத்துற மாதிரி குனியிற? மொதல்ல அந்தத் துணிய அவுத்துப் போடு."

"அவுத்தா விழுந்திருவேன் மதினி."

"ஒரு வருசமா துணிதான நிக்கிது. நீ எங்க நின்ன?"

அவரே முடிச்சை அவிழ்த்தார். அதையே முறுக்கிச் சும்மாடாகச் சுற்றி என் தலையில் வைத்தார். முதல் வாரம் வெறுங்குடம். குத்தவைத்து உட்கார்ந்து, குடத்தை உடம்போடு அணைத்து, கால் பலத்தில் எழ வேண்டும். எழும்போது மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். "வலு கையில இல்லத்தா, அடிவகுத்துல இருக்கு. கட்டுறதுன்னா அங்குன கட்டு" என்பார். அடுத்து கால் குடம், பிறகு அரை. வலிக்கிற நாளில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னாரே தவிர, விட்டுவிடச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் வந்து பார்ப்பார். நிறைகுடத்தோடு நான் வாசலில் நடந்த அன்று, "மகாராணி வாராக, ஒதுங்குங்க" என்று கோழிகளை விரட்டினார்.

பொங்கலன்று கண்மாய்க்கரைத் திருப்பத்தில் எனக்கு முதுகில் பழையபடி சுளீர் என்று பிடித்தது. கூடவே நடந்த மதினி கை நீட்டவில்லை. "மூச்ச விடு" என்றார், அவ்வளவுதான். விட்டேன். அடிவயிறு இறுகியது. அம்மன் முன்னால்தான் இறக்கினேன்.

இப்போது மதினி என் வீட்டில்தான் இருக்கிறார். அத்தனை மாடி ஏறிய காலில் வலு போய்விட்டது. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவர் இருக்கும்வரை அவரைத் தூக்குகிற தெம்பை மட்டும் கொடு தாயே என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை கட்டிலிலிருந்து எழுப்பக் குனிந்தேன். என் கழுத்தில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு, "கொக்கு" என்றார் காதோரமாக. காலை மடக்கி இறங்கி, மூச்சை விட்டு, அவரோடு எழுந்தேன். நாற்காலியில் அவர் முதுகுக்கு அணைவாக அந்த நீலக்கரைத் துணியை மடித்து வைத்தேன்.