இருபத்து மூன்றாவது கிளாஸ்

கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்று சுற்றுகிறார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஒரு சின்ன உறிஞ்சல். "கோதுமை பியர். நாலே மடக்கு. நல்லா ரசிச்சிருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, சோடா மாவு கரைத்த வெந்நீரில் முக்குகிறார். அடுத்த கிளாஸ். மறுபடி வெளிச்சம், மறுபடி இடுக்கல், மறுபடி மூக்கு. "ஐ.பி.ஏ. பாதியில வெச்சுட்டாங்க. கசப்பு ஒத்துக்கல போல." இப்படி ஒவ்வொரு கிளாஸிடமும் விசாரணையை முடித்த பிறகுதான் அதற்குத் தண்ணீர் காட்டுவார். இத்தனைக்கும் அவர் பியர் குடிக்காதவர்.

எல்லோரும் அவரை லென்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருபத்தாறு வருஷம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் கடையை மூடியபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மனைவியோடு நாளுக்கு நாலு சண்டை நிச்சயம் என்று தெரிந்துகொண்டு, தங்கையின் கணவர் நடத்தும் பியர் ஆலைக்கு வந்து சேர்ந்தார். ஆலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த கூடம், அதில் நாலு சின்னத் தொட்டி, ஒரு பெரிய தொட்டி, முன்பக்கம் வந்து குடிப்பவர்களுக்கு ஏழெட்டு மேசை. அவ்வளவுதான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று தங்கை கேட்டதற்கு, கிளாஸ் கழுவுகிறேன் என்றாராம். கழுவும் தொட்டி மட்டும் மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குழாய்க்காரர் இரண்டு நாள் சுவரை உடைக்கவேண்டியதாயிற்று.

வீட்டில் அவர் ஒரு டம்ளர்கூடக் கழுவியதில்லை என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார். "அது வேற, இது வேற" என்பதற்கு மேல் அவரிடமிருந்து பதில் வந்ததில்லை.

இங்கே அவர் கறார் என்றால் அப்படி ஒரு கறார். கிளாஸில் எள்ளளவு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பியரின் நுரை படுத்துவிடும். ஆகவே கழுவியதும் ஈரக் கிளாஸுக்குள் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பார்ப்பார். எல்லா இடத்திலும் உப்பு ஒட்டினால் பாஸ். ஓர் இடத்தில் வழுக்கி விழுந்தால், அங்கே பிசுக்கு இருக்கிறது, மறுபடி வெந்நீர். துணியால் துடைக்க யாரையும் விடமாட்டார். துணி நூலை விட்டுவிடுமாம். கம்பித்தட்டில் கவிழ்த்துத் தானாகக் காயவேண்டும். வறுத்த கடலை தின்ற விரலோடு கிளாஸைத் தொடுபவர்களைக் கண்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். உதட்டுச் சாயம் அவருடைய ஜென்ம விரோதி. கழுவாத கிளாஸ் பத்து நிமிஷம் மேடையில் நின்றால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்துவிடுவார்.

கழுவக் கழுவ அவருக்குத் தெரியவந்த விஷயம் ஒன்று உண்டு. பியரை ஒரு மடக்குக் குடித்துக் கிளாஸைக் கீழே வைத்தால், நுரை எந்த மட்டத்தில் நின்றதோ அங்கே கண்ணாடியில் ஒரு வளையம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மடக்குக்கு அதற்குக் கீழே இன்னொன்று. எத்தனை வளையமோ அத்தனை மடக்கு. பிடித்துக் குடித்தவரின் வளையங்கள் அகல அகலமாக இருக்கும். மரியாதைக்குக் குடித்தவரின் வளையங்கள் மேலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முதல் நாள் சந்திப்பில் பேசிக்கொண்டே இருந்த ஜோடிகளின் கிளாஸில் வளையமே இருக்காது, நுரை தானாக இறங்கிப் போயிருக்கும். எழுதிப்போட்ட கடிதம் படிப்பதுபோல அதையெல்லாம் படிப்பார். மூக்கும் சேர்ந்துகொள்ளும். ஐ.பி.ஏ. என்கிற கசப்பு பியர் இருந்த கிளாஸைக் கழுவினால் விரலில் ஆரஞ்சுத் தோல் வாசனை சாயங்காலம் வரை போகாது. ஸ்டவுட் என்கிற கறுப்பு பியர் காப்பிக் கோப்பையின் அடியைப்போலக் கறுத்து ஒட்டும். லேசான லாகர் பியர் நூல் நூலாக மெல்லிய சரிகை போட்டுவிட்டுப் போகும். கோதுமை பியர் அடியில் கொஞ்சம் வண்டலை விட்டுவைக்கும். குடித்தவர்கள் பெயரை மறந்தாலும் கிளாஸ் மறக்காது என்பார்.

குடிப்பதில் அவருக்குக் கொள்கை எதுவும் இல்லை, விக்கல்தான் காரணம். ஆலை திறந்த அன்று மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், வற்புறுத்தி ஒரு வாய் குடிக்க வைத்தார். காலையில் பிடித்த விக்கல் சாயங்காலம்வரை விடவில்லை. வந்த விருந்தாளிகள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். அதோடு சரி.

மாப்பிள்ளை நல்ல மனிதர். மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் இருந்தவர், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். கை சுத்தம், மனசு சுத்தம். வாய்தான் சில சமயம் முந்திக்கொள்ளும். போன வருஷம் ஒருநாள் ஆம்பர் பியர் குடித்த கிளாஸ்களை முகர்ந்துவிட்டு, "இதுல வெண்ணெய் வாசனை அடிக்குதே மாப்பிள்ளை" என்று லென்ஸ் சொன்னார். மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "குடிக்காத ஆளு பியருக்குத் தீர்ப்பு சொல்லக்கூடாது மச்சான். நீங்க கிளாஸைப் பாருங்க." மேசைகளும் சேர்ந்து சிரித்தன. நாலு நாள் கழித்து ஆம்பர் தொட்டியில் நொதிப்பு கெட்டு வெண்ணெய் நெடி ஏறிவிட்டது தெரிந்து, அத்தனையையும் சாக்கடையில் திறந்துவிட வேண்டியதாயிற்று. அதைப் பற்றி மாப்பிள்ளையும் பேசவில்லை, லென்ஸும் பேசவில்லை. ஆனால் அதிலிருந்து லென்ஸ் பியரைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. பேசுவதெல்லாம் கிளாஸ்களோடுதான். மனசில் அந்தச் சிரிப்பு இன்னும் ஓர் ஓரத்தில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொன்னால்தான் ஆளைப் பற்றிச் சொன்னதாகும்.

ஊரிலுள்ள பத்துப் பன்னிரண்டு உணவகங்கள் சேர்ந்து, உங்கள் பியரில் ஏதாவது ஒன்றை இந்தப் பருவம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டிருந்தன. ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை பெரிய தொட்டியில் அதை ஏற்றவேண்டும். தொட்டி ஆறு வாரம் அடைபட்டுவிடும், நடுவில் மாற்ற முடியாது. உணவகத்தில் அந்த பியர் மேசை மேசையாக மிஞ்சினால் மறுபடி யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். இந்த ஒரு தடவை தவறினால் ஆலையைப் பூட்டிவிட்டு மாப்பிள்ளை பழையபடி ஆய்வகத்துக்கே போகவேண்டியதுதான். தங்கை இதை அண்ணனிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். இரண்டு தடவையும் முந்தானையின் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

எந்த பியர் என்று தீர்மானிக்கத்தான் சனிக்கிழமை மதியம் இருபத்திரண்டு பேரைச் சுவைத்துப் பார்க்க அழைத்திருந்தார்கள். ஐந்து குழி வைத்த மரப்பலகையில் ஆளுக்கு ஐந்து சின்னக் கிளாஸ். லேசானதிலிருந்து கனமானதற்கு: லாகர், கோதுமை, ஆம்பர், ஐ.பி.ஏ., கடைசியில் புகை பியர். ஒவ்வொரு கிளாஸின் அடியிலும் எண் ஒட்டியிருந்தது. பிடித்ததை எழுத ஆளுக்கு ஓர் அட்டை.

அந்தப் புகை பியர் மாப்பிள்ளையின் உயிர். மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியைத் தானே மரப்புகையில் வாட்டி, எட்டு மாசத்தில் ஏழு தடவை தோற்று, எட்டாவது தடவை கைக்கு வந்தது. அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அன்றைக்கும் மேசை மேசையாகப் போய் அந்த எட்டு மாசக் கதையைச் சொன்னார், சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டு, "அஞ்சாவது எப்படி இருக்கு?" என்று கேட்டார். அப்படி நிற்கிற மனிதரிடம் யார்தான் வேறு என்ன சொல்வார்கள்? பிரமாதம் என்றார்கள். துணிச்சல் என்றார்கள். அட்டைகளில் பதினாறு பேர் ஐந்தாவதையே எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். கோதுமையைப் பற்றி எழுதியவர்கள் இரண்டே பேர், அதிலும் ஒருவர் 'குறையொன்றும் இல்லை' என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோதுமை பியரை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அது யார் வேண்டுமானாலும் போடக்கூடியது என்பார்.

நூற்றுப்பத்துக் கிளாஸும் லென்ஸிடம் வந்தன.

முதல் பலகையை எடுத்து வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டாவது பலகை. மூன்றாவது. ஏழாவது பலகைக்கு வந்தபோது கையிலிருந்ததை மேடையில் வைத்துவிட்டு ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டார். ஏழு பலகையிலும் ஒரே கதைதான்.

சொன்னால், குடிக்காத ஆள் மறுபடி தீர்ப்பு சொல்ல வந்துவிட்டான் என்றாகும். அதுகூடப் போகட்டும். எட்டு மாசம் புகையில் நின்று கண் சிவந்த மனிதரிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் திங்கட்கிழமை தொட்டி ஏறிவிடும். முந்தானை திருகும் தங்கை கண்முன் வந்தாள். குழாயைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது.

லென்ஸ் குழாயைத் திறக்கவில்லை. கோதுமை இருந்த இரண்டாம் எண் கிளாஸ்கள் இருபத்திரண்டையும் பொறுக்கி ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தார். அதற்கு முன்னால் ஐந்தாம் எண் கிளாஸ்கள் இருபத்திரண்டையும் இன்னொரு வரிசையாக வைத்தார். மாலை வெயில் நேராக ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தங்கைதான் முதலில் வந்தாள். அழுக்குக் கிளாஸ்களையும் உட்கார்ந்திருக்கும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். நேராக வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மாப்பிள்ளையை வரச்சொல்லு. அட்டையை அங்கயே வெச்சுட்டு வரச்சொல்லு."

மாப்பிள்ளை சீட்டியடித்துக்கொண்டே வந்தார். ஜன்னலைப் பார்த்ததும் சீட்டி நின்றது. வளையக் கதையெல்லாம் அவரும் எத்தனையோ தடவை கேட்டுக் கேலி செய்தவர்தான். குனிந்து பார்த்தார். பின்வரிசையில் பதினெட்டுக் கிளாஸ் காலி. மூன்று வளையம், நாலு வளையம், சிலவற்றில் அடியிலிருந்த வண்டலைக்கூட விடவில்லை. முன்வரிசையில் விளிம்புக்குக் கீழே ஒட்டி ஒட்டி இரண்டு வளையம், அதற்கும் கீழே கறுப்பாக முக்கால் கிளாஸ் பியர். இருபத்திரண்டில் பத்தொன்பது அப்படியே. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வாயால சொல்லியிருக்கலாமே மச்சான்."

"நான் குடிக்காதவன் மாப்பிள்ளை."

இதைச் சொல்லியிருக்கவேண்டாம் என்று சொன்ன மறுகணமே லென்ஸுக்குத் தோன்றியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சுருக்கென்று பட்டிருக்கவேண்டும். லென்ஸே மறுபடி பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"எங்க கடையிலயும் இப்படித்தான். வர்றவங்க சிவப்பு பிரேமைப் போட்டுப் பாப்பாங்க. சூப்பரா இருக்குன்னு அவங்களே சொல்லுவாங்க, பொய்யில்ல. ஆனா தினமும் போட்டுக்க கறுப்பைத்தான் வாங்கிட்டுப் போவாங்க. அதுக்காக சிவப்பு பிரேம் மட்டம்னு ஆயிடாது."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். கோதுமையையே ஏற்றிவிடலாம் என்று தங்கையிடம் முணுமுணுத்தார். அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையைத் தொடக்கூட இல்லை. பிறகு மாப்பிள்ளை மூலையிலிருந்த சின்னப் பீப்பாய்ப் பக்கம் போனார். கம்பித்தட்டிலிருந்து சுத்தமான கிளாஸ் ஒன்றை எடுத்து, புகை பியரை விளிம்புவரை நிறைத்தார். நுரை அழகாக எழுந்து நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

லென்ஸ் முக்காலியிலிருந்து எழுந்தார். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து, மாப்பிள்ளையின் கையிலிருந்த கிளாஸை வாங்கினார். "அண்ணா, விக்கல்" என்று தங்கை சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டு, அண்ணாந்து, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். தொண்டையிலிருந்து முதல் விக்கல் புறப்பட்டது. காலிக் கிளாஸை எடுத்துப்போய், முன்வரிசையின் கடைசியில், இருபத்து மூன்றாவதாக வெயிலில் வைத்தார். அதில் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு வளையம் இருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, லென்ஸ் விக்கிக்கொண்டே குழாயைத் திறந்து, முதல் கிளாஸை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.