யூலா ஏபேர் அளந்த மழை

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மறுவாரமே யூலா ஏபேர் வானிலை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். சம்பளம் கிடையாது. வீட்டுக் கொல்லையில் வேலியோரம் ஆளுயரக் கம்பத்தில் ஒரு மழைமானியைப் பொருத்தி, தினமும் காலை ஏழு மணிக்கு அளவு பார்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். டெக்சஸ் கடற்கரையோரம் லபோவ் ஓடைக்கரையில் ஒன்பது வருடமாக ஒரு நாள்கூட அவள் தவறவிட்டதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஏழு மணிக்குள் திரும்பிவிடுவாள்.

"புருசன் உயிரோட இருக்கானான்னு பாக்குறதுக்கு முந்தி அந்தக் குழாயைப் போய்ப் பாக்குறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான் அவள் புருசன் அல்சீட்.

அந்த ஆகஸ்டில் சனிக்கிழமை கரையேறிய புயல் அதற்குமேல் நகரவில்லை. ஞாயிறு முழுக்க ஒரே இடத்தில் நின்று கொட்டியது. மழைமானியின் குழாய் பதினோரு அங்குலம்தான் கொள்ளும். வழிந்துவிட்டால் கணக்குப் போய்விடும். எனவே அளந்து, எழுதி, கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் போனாள். திங்கள் காலையில் கொல்லையில் இடுப்பளவு தண்ணீர். பின்வாசல் தூணில் கயிற்றைக் கட்டி மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்தாள். செவ்வெறும்புகள் பந்து பந்தாக மிதந்து வந்தன. மேலே ஒட்டினால் கடித்தே கொப்புளம் போட்டுவிடும். கையிலிருந்த துடுப்பால் அவற்றைத் தள்ளியபடியே போனாள்.

அதுவரை முப்பத்தேழு அங்குலம். அந்த மாநிலத்தில் ஒரே புயல் மழையில் அதுவரை பதிவான அதிகபட்சம் நாற்பத்தெட்டு. இதே வேகத்தில் பெய்தால் அதையும் தாண்டிவிடும் என்று எண்ணினாள். அது பயமா ஆசையா என்று அவளுக்கே தெரியவில்லை.

நடுப்பகலில் அடுத்த வீட்டு டூயி தன்னுடைய வாத்து வேட்டைப் படகை வாசல்படி வரை கொண்டுவந்தான்.

"மிஸ் யூலா! மிஸ்டர் அல்சீட்டக் கூட்டிக்கிட்டு ஏறுங்க. ஓடை இன்னும் ஏறுதாம்."

"வீட்டுக்குள்ள கணுக்கால் அளவுதானே டூயி? முதல்ல அந்தத் தெருக்கடைசிக் கைக்குழந்தைக்காரியக் கொண்டுபோய் விடு. அடுத்த நடையில வர்றோம்."

"அடுத்த நடைக்கு நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

"வருவே. நீ வராம இருக்க மாட்டே."

கைக்குழந்தைக்காரி இருந்தது உண்மைதான். ஆனால் படகில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது. அது மூவருக்கும் தெரியும். அல்சீட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படகு போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணி வாக்கில் யூலா மழைமானியைக் காலிசெய்துவிட்டு உள்ளே வந்தபோது, அவன் ஐஸ்பெட்டியிலிருந்த இறால் பொட்டலங்களை அலமாரி உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். நாற்காலி வழுக்கியது. விழுந்த சத்தத்தைவிட அவன் போட்ட சத்தம்தான் பெரிது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அசைத்தால் அலறினான். தண்ணீர் அதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அடுப்பு மேடையில் முதுகைச் சாய்த்து அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் ஏற ஏற அவளும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தாள்.

"மூணு மணி ஆயிருச்சு. போய்ப் பாத்துட்டு வா. உனக்கு அதானே வேணும்?"

"வாய மூடு அல்சீட்."

"கால் ஆடுது பாரு உனக்கு."

கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. கூரையில் விழும் இரைச்சலை வைத்தே குழாயில் எத்தனை அங்குலம் ஏறியிருக்கும் என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. கை மட்டும் அவன் அக்குளை விடவில்லை.

டூயி வந்தபோது மணி ஐந்து. சமையலறைக் கதவைக் கழற்றி, அதில் அல்சீட்டைப் படுக்க வைத்துப் படகில் ஏற்றினார்கள். கிளம்பும்போது யூலா கெஞ்சினாள். "டூயி, வேலியோரமா ஒரு சுத்து."

"நெசமாத்தான் கேக்குறீங்களா?"

"விடுடா, சுத்து. இல்லன்னா சாகுற வரைக்கும் இவ என்னைத் தூங்க விடமாட்டா" என்றான் அல்சீட், பல்லைக் கடித்துக்கொண்டு.

குழாய் விளிம்பு வரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ரொட்டிப் பையில் சுற்றியிருந்த நோட்டை எடுத்து, 'பதினொன்று. வழிந்துவிட்டது' என்று எழுதினாள்.

அக்டோபரில் வானிலை அலுவலகத்துக்காரர் ஒருவர் வந்தார். ஈரச்சுவர்களைப் பெயர்த்துப் போட்ட வீட்டில் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. அல்சீட் கட்டிலில் கிடந்தான்.

"உங்க மொத்தம் அம்பத்தெட்டுக்கு மேல வருதும்மா. மாநிலத்துலயே அதிகமா இருக்கலாம். 'வழிந்துவிட்டது'ங்கிற இந்த ஒரு வரிதான் இடிக்குது. நீங்க பாக்குறதுக்குக் கொஞ்ச நேரம் முந்திதான் வழிய ஆரம்பிச்சதுன்னு சொன்னீங்கன்னா, இதை அப்படியே எடுத்துக்கலாம்."

யூலா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப வழிஞ்சதுன்னு எனக்குத் தெரியாது சார். நாலு மணி நேரம் நான் பக்கமே போகல."

"ஏன்?"

"வேலையா இருந்தேன்."

"நான் விழுந்து கெடந்தேன். என்னைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா" என்றான் அல்சீட் கட்டிலிலிருந்து.

அவர் அந்த வரிக்கு நேரே 'குறைந்தபட்சம்' என்று எழுதிக்கொண்டார். அந்த வருடத்துச் சாதனை, கிழக்கே இருபது மைல் தள்ளியிருந்த வேறொரு கொல்லையின் பேரில் பதிவானது.

அவர் போனதும் யூலா கட்டிலருகே வந்து நின்றாள். "மத்தியானமே ஏறியிருந்தா உன் இடுப்பு தப்பிச்சிருக்கும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லையே நீ."

"திட்டுனா நீ அழுவே. அதை யாரு பாக்குறது? அந்தத் தலைகாணிய இப்படித் தள்ளு."

அவள் அழத்தான் செய்தாள். பிறகு தலையணையைத் தள்ளினாள்.

மாதா கோயில்காரர்கள் வந்து வீட்டைத் தூண்கள்மேல் உயர்த்திக் கொடுத்தார்கள். அல்சீட் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு நடக்கப் பழகினான். யூலா மழை அளப்பதை விடவில்லை. ஆனால் வளைகுடாவில் ஒரு மேகம் சுழல்கிறது என்று ரேடியோவில் கேட்டாலே வண்டியில் மருந்துப் பெட்டியை ஏற்றிவிடுவாள். அடுத்த ஜூனில் அப்படி ஏற்றிக்கொண்டிருந்தபோது, டூயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தான்.

"மிஸ் யூலா, வெறும் தூறல்தான்! இதுக்குப் போயா?"

"தூறலோ என்னமோ. நீயும் உன் பொண்டாட்டிய ஏத்து, பின்னாடியே வா" என்றாள் யூலா. அல்சீட்டை முன்சீட்டில் உட்காரவைத்து வார்ப்பட்டையைப் பூட்டினாள். பூட்டியிருக்கிறதா என்று இரண்டுதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.