அக்கா போன வழி

அஞ்சலை அக்கா, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மேடையில் மைக் பிடித்தவர்கள்தான். இன்று ஒருமுறை நானும் கூப்பிட்டுக்கொண்டேன். இனி அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய எங்கள் தெருவில். அப்பாவுக்கு மிராசுதார் பண்ணையில் வேலை. அக்கா பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். அப்புறம் அம்மாவோடு நடவுக்குப் போனார். முதல் குரல் எடுப்பவர் பாடுகிற வேகத்தில்தான் நடவில் எல்லார் கையும் ஓடும். சின்ன வயதிலேயே அந்த முதல் குரல் அக்காவுக்கு வந்துவிட்டது. பண்ணையின் காரியக்காரர் வரப்பில் நின்று, "ஏ புள்ள, பாட்டை முடுக்கு, பொழுது போவுது" என்று கத்துவார்.

"பசிச்ச பாட்டு இவ்வளவுதாங்க ஓடும்" என்பார் அக்கா. வரிசையே குனிந்தபடி சிரிக்கும்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்திய வருஷம், செங்கொடிக் கூட்டத்தில் அக்கா பாடினார். மிராசுதார் வெளியூர் ஆள் இறக்கினார். அடிதடி ஆனது. அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்தவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா பாடித்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஆளுங்கட்சிக்காரர்கள் மேடைக்குக் கூப்பிட்டார்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டை என்று அக்கா போகாத ஊர் இல்லை. சென்னைக்குப் போய் ரெக்கார்டும் கொடுத்தார். கல்யாண வீடு, காதுகுத்து, டீக்கடை எல்லாவற்றிலும் அக்கா குரல் கேட்டது.

எங்கள் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெரிய தெருவில் பாலம் உண்டு. எங்கள் பிணம் அந்த வழியாகப் போகக்கூடாது. தண்ணீரில் இறங்கித்தான் தூக்கிப்போக வேண்டும். மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டத்தில் அமைச்சர், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று அக்காவைக் கேட்டார். மேடையில் நானும் நின்றேன்.

"எங்க தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை வேணுங்கய்யா."

"ஆகட்டும்மா" என்றார்.

பாதை வரவில்லை. எங்கள் தெரு செல்லையா மாமாவின் சம்சாரம், நாங்கள் அத்தை என்போம், அக்காவைச் சீண்டிக்கொண்டே இருக்கும். "ஏண்டி, நாட்டுக்கெல்லாம் பாடுற, நமக்கு வாய்க்காலைத் தாண்ட ஒரு பலகைகூட வரலியே?"

"வரும் அத்தை. அதுக்குள்ள செத்துத் தொலைச்சிடாத."

அத்தை போன வருஷம் ஆவணியில் செத்துப்போனது. தண்ணீரில்தான் கொண்டுபோனோம். அக்கா கரையில் நின்று பார்த்தார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த மாதம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். ஐப்பசி மழையில் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். யார் யாரோ வந்தார்கள், மாலை போட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

எடுக்கப்போகிற நேரத்தில் காரியக்காரர் குடையோடு வந்தார். "அய்யா சொல்லிட்டாங்க. இந்தப் பொண்ணைப் பெரிய தெரு வழியாவே கொண்டு போகலாமாம்."

ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இது லேசுப்பட்ட விஷயமில்ல. வண்டி ஜோடிச்சு நிக்குது."

"இனிமே எல்லாரும் போகலாமாங்க?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு மட்டும்தான்" என்றார் காரியக்காரர். "அஞ்சலைங்கிறதாலதான் இதுவே."

காரியம் செய்யப்போகிறவன் நான் என்பதால் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். செல்லையா மாமாவைப் பார்த்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "போவோம்டா" என்றார் மாமா. "உன் அத்தைதான் நனைஞ்சிக்கிட்டுப் போனா. இந்தப் புள்ளயாவது நனையாம போகட்டும்."

அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"மெட்ராசுக்கே நடவுக்காரிங்க நாலு பேரக் கூட்டிக்கிட்டுத்தான் போனா" என்றது அம்மா. "தனியாப் போகச் சொன்னா போக மாட்டாடா."

வாய்க்கால் வழியாகவே போகலாம் என்று சொன்னேன்.

தண்ணீர் மார்பு மட்டும் ஓடியது. பாடையைத் தலைக்கு மேல் தூக்கினோம். நடுவில் எனக்குக் கால் வழுக்கியது. பாடை என் பக்கம் சாய்ந்து, அக்காவின் கால் தண்ணீரில் பட்டது. கரையில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. கிளைச் செயலாளர் கரைவேட்டியோடு இறங்கிவந்து என் தோளுக்குக் கீழே முட்டுக்கொடுத்தார். அவருக்கு நீச்சல் தெரியாது என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

செய்தது சரியா என்று தெரியவில்லை. செல்லையா மாமா இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பாதையும் இன்னும் வரவில்லை. தெருவில் இந்தத் தையில் ஒரு கைக்குழந்தை இறந்தது. அதையும் தண்ணீரில்தான் கொண்டுபோனோம்.

அக்காவைத் தூக்கியவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், கூடப் பாடிய நடவுக்காரப் பெண்களுக்கும், மழையில் வந்து நின்ற எல்லாருக்கும் எங்கள் வீட்டின் நன்றி. காரியக்காரருக்கும் நன்றி. அவர் குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், கும்பிடாதவர்களாக இருந்தாலும், மனதில் ஒருமுறை அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் இல்லாத ஒரு இடத்தில் அக்கா இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.