பாறை இருக்கிற ஊரில் எம்.எஸ்சி.

எம்.எஸ்சி. கணிதம் படிக்கத் திருவண்ணாமலைக்கு ஏன் போனாய் என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். அங்கே பாறை இருக்கிறது, ஏறலாம். கேட்டவர்கள் அதற்குமேல் ஏதாவது வரும் என்று என் வாயையே பார்ப்பார்கள். நல்ல பேராசிரியர்கள், பெரிய நூலகம், ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லை என்று ஒன்றையாவது சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். சேர்க்க மாட்டேன். கணக்கு எந்த ஊரில் போட்டாலும் கணக்குதான். பாறை அப்படியில்லை, இருக்கிற ஊரில்தான் இருக்கும்.

எங்கள் ஊரில் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது கடலூர். பி.எஸ்சி. படித்தது சிதம்பரம். இரண்டுக்கும் நடுவே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று எங்கே இறங்கிப் பார்த்தாலும் பூமி பாய் விரித்த மாதிரி மட்டமாகக் கிடக்கும். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறுகிற ஏற்றம்தான் அந்த ரோட்டில் எனக்குத் தெரிந்த உயரம். அப்பா அந்த ரூட்டில் கண்டக்டர். அவருக்கு டியூட்டி இருக்கிற நாளெல்லாம் அவர் வண்டியிலேயே போய் அவர் வண்டியிலேயே வருவேன். படிக்கட்டைத் தாண்டி இரண்டாவது சீட் எனக்கு. நான் அந்த சீட்டில் இருக்கிற வரைக்கும் அப்பாவுக்கு உலகத்தில் ஒரு கவலையும் கிடையாது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் ஜாஸ்தி. எதையாவது ஏன் செய்தாய் என்று கேட்டால், "அதுக்கு இன்னா இப்ப?" என்பேன். அம்மாவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. வாழப்போகிற வீட்டில் இதைச் சொன்னால் மறுநாளே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள் என்று திட்டுவார்.

நான் முதலில் ஏறிய கல் கடலுக்குள் கிடந்தது. தேவனாம்பட்டினம் பக்கம், அலை கரையை அரிக்காமலிருக்கக் கருங்கல்லைக் கொட்டி உள்ளே நீட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்று பெயர். ஒவ்வொரு கல்லும் பீரோ அளவு இருக்கும். கல்லூரித் தோழி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பக்கவாட்டில் இறங்கி, விரலை ஒரு பிளவில் விட்டு, கால் கட்டைவிரலை ஒரு புடைப்பில் வைத்து மேலே வந்தேன். அவ்வளவுதான் செய்தேன். உடம்பு முழுவதும் விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. திரும்ப இறங்கினேன், திரும்ப ஏறினேன். சிப்பி கிழித்து முழங்கையில் ரத்தம் வழிந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

அதற்குப்பிறகு வாரா வாரம் போனேன். படகுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், நண்டு பிடிக்கிறாயா என்று கேட்டார். ஏறிப் பழகுகிறேன் என்றேன். மேலே போக அந்தப் பக்கம் நல்ல வழி இருக்கிறதே என்று காட்டினார். அவர்மேல் தப்பில்லை. சுனாமி பார்த்த ஊர் அது, அந்தக் கல் அவர்களுக்குக் காவல். இந்தக் கல்லெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டேன். லாரியில் வந்தது, செஞ்சியைத் தாண்டி எங்கேயோ உடைக்கிறார்கள் என்றார்.

அடுத்த லீவில் அங்கே போய்ப் பார்த்தேன். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் வயலுக்கு நடுவே, வேலிக்கு அந்தப்பக்கம், ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் என்று பார்த்த இடத்திலெல்லாம் பாறை. எங்கள் ஊருக்கு லோடு லோடாக வந்ததெல்லாம் உடைத்த துண்டு, முழுசு இங்கே நின்றுகொண்டிருக்கிறது. சந்தோஷத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் இப்படி இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருத்தரும் சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து ஒரு கும்பல் தடித்த மெத்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு அங்கே ஏற வரும். மெத்தையைக் கீழே போட்டுவிட்டு ஏறுவார்கள், விழுந்தால் அதன்மேல் விழுவார்கள். அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். ஏறுவதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுத்தார்கள்.

கடைசி வருடம் முடிந்தபோது சிதம்பரத்திலும் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்தது, திருவண்ணாமலையிலும் கிடைத்தது. அப்பா கணக்கில் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதே வண்டி, அதே சீட், இன்னும் இரண்டு வருடம். திருவண்ணாமலைக்குத்தான் போவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அங்கே என்னடி இருக்கிறது என்றார். மலை இருக்கிறதும்மா, அதைச் சுற்றிப் பாறையா இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. கண் கலங்கி, பூஜை மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருவண்ணாமலை என்றால் கிரிவலம்தான். பௌர்ணமியானால் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. அம்மா முழங்கால் வலியால் பல வருடமாகப் போகவில்லை. பெண் அந்த மலைக்காகவே காலேஜைத் தேர்ந்தெடுக்கிறாள் என்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, மேல்பட்டாம்பாக்கத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் தலையாட்டினால்தான் நடக்கும். பெண்பிள்ளையை வெளியூர் ஹாஸ்டலில் விடக்கூடாது என்று என் அக்காவைத் தடுத்தவரும் அவர்தான். அன்று வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தார். சாமி காரியம், நாம் குறுக்கே நிற்கக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் தலையாட்டினார். ஆக, நான் ஒரு வார்த்தைகூடப் போராடாமல் எல்லாம் முடிந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. விடவில்லை. மாமா, பௌர்ணமிதோறும் தன் கடைக்காக ஒரு சுற்று நான் சுற்ற வேண்டும் என்றார். எதிர்வீட்டு அக்கா தன் மகளுக்கு வரன் அமைய ஒரு சுற்று என்றார். அம்மா தன் முழங்காலுக்கு. ஆளாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து என் மடியில் வைத்தார்கள். போகிறவர்களிடம் வேண்டுதலைக் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் என் இரண்டு வருடத்தை இவர்கள் பங்கு போடுகிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது.

"யாரும் எங்கிட்ட இதக் குடுக்காதீங்க" என்று முடிச்சுகளை எடுத்துக் கீழே வைத்தேன். "நான் சாமிக்காகப் போகல. பாறை ஏறப் போறேன்."

மாமாவுக்குப் புரியவில்லை. "எந்தப் பாறை?"

"ஊருக்கு வெளிய, செஞ்சி ரோட்டுல. பேரெல்லாம் கெடையாது. சாமி மலை மேல கால் வெக்க மாட்டேன், பயப்படாதீங்க."

"ஏறி?"

"ஏறிட்டு எறங்கிடுவேன்."

"எறங்குறதுக்கா ஏறுவ?"

"அதுக்கு இன்னா இப்ப?"

மாமா எழுந்துவிட்டார். சாமி என்று நினைத்துத்தான் சரி சொன்னதாகவும், குரங்கு மாதிரி தாவுவதற்குக் காலேஜ் எதற்கு என்றும், சிதம்பரத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்காமலே போனார். எதிர்வீட்டு அக்கா தன் முடிச்சை மட்டும் நைசாக எடுத்துக்கொண்டார். அவர் நம்பவில்லை, ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன், பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்றே நினைத்தார்.

அம்மா மறுநாள் கேட்டார். "சாமின்னே இருக்கட்டும்னு கம்முனு இருந்திருக்கலாம்ல? யாருக்கு நஷ்டம்?"

நஷ்டம் எனக்குத்தான். எங்கள் தெருவிலிருந்து பெண்கள் வெளியூர் போகாமல் இல்லை. கல்யாணமாகிப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சாமி கும்பிடப் போகிறார்கள். பிடித்திருக்கிறது, அதனால் போனாள் என்று மட்டும் ஒருத்தியைப்பற்றியும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் போனால் அப்படித்தான் சொல்லவேண்டும். பொய்க்குக் கிடைத்த அனுமதியில் போனால் இரண்டு வருடமும் அந்தப் பொய்க்கு நான் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

சிதம்பரத்தில் சேரக் கடைசி நாள் வந்தது. அப்பா அம்மாவிடம், நானே கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறேன் என்றார். காலையில் அவர் வண்டியில் ஏறி, அதே இரண்டாவது சீட்டில் உட்கார்ந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அப்பா படிக்கட்டில் நின்று பார்த்தார். ஆட்டோக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வண்டி திரும்பக் கடலூருக்குப் புறப்பட்டபோது, டிக்கெட் மிஷினோடு என் பக்கத்தில் வந்து நின்றார். கடலூர் ஒன்று என்றேன். அடித்துக் கொடுத்தார். கடலூரில் சிதம்பரம் ஒன்று என்றேன். அதையும் அடித்துக் கொடுத்தார். பயணிகள் முன்னால் அவர் குரல் உயர்த்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கல்லூரி ஆபீஸ் மூடுகிற நேரம் தாண்டி, வண்டி கடலூரில் காலியாக நின்றபோது, அப்பா பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தார்.

"உழுந்தா?"

"உழுவேன்ப்பா. கீழ மெத்த போட்டிருப்போம். ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி உழுவோம்னு கணக்கே இல்ல."

"அப்பிடி இன்னா இருக்குது அதுல?"

பதில் சொல்ல முயற்சி செய்தேன். விரல், பிளவு, அடுத்த பிடி எங்கே என்று தேடுகிறபோது தலைக்குள் வேறு எதுவுமே இல்லாமல் போவது. எனக்கே அது சரியாகச் சொல்ல வரவில்லை. "புடிச்சிருக்குதுப்பா" என்றேன்.

அவர் மிஷினைத் துடைத்துப் பையில் வைத்தார். பிறகு பஸ் ஸ்டாண்டின் மறுகோடியைக் காட்டினார்.

"பண்ருட்டி, திருக்கோவிலூர் வழியா நேர் வண்டி ஒண்ணு அங்க நிக்கும். விழுப்புரம் போயி மாறாத. கூட்டமா இருக்கும்."

கண்டக்டர் ஒருவர் சம்மதம் சொல்வது இப்படித்தான். மாமா அதற்குப்பின் வீட்டுக்கு வரவில்லை. என் பஸ் மேல்பட்டாம்பாக்கத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் கடை தெரியும். நான் கையை ஆட்டுவேன், அவர் வேண்டுமென்றே மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

அம்மா மட்டும் தெருவில் எதையும் திருத்தவில்லை. சாமிக்காகப் போன பெண் என்ற கதையை அப்படியே ஓடவிட்டார். ஊருக்கு வருகிறபோதெல்லாம் நான் அதற்காகச் சண்டை போட்டேன். ஏதோ ஒரு பௌர்ணமிக்கு அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். கூட வந்து சுற்றுகிறேன், ஆனால் மறுநாள் காலையில் நீ என்னோடு வரவேண்டும் என்று அம்மாவிடம் கறாராகச் சொன்னேன். சுற்றினோம். அம்மா முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தார், ஆனால் பாதியில் விடவில்லை. காலையில் அக்கா வீங்கிய காலோடு லாட்ஜில் படுத்துக்கொண்டார். அம்மா என்னோடு ஏறுகிற தோழி ஒருத்தியின் ஸ்கூட்டியில் பாறைக்கு வந்தார்.

துண்டை விரித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். நான் மெத்தையைக் கீழே போட்டு, கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, ஒரு மாதமாக என்னை ஏமாற்றிக்கொண்டிருந்த பாறையில் ஏறினேன். மேல் விளிம்புக்கு ஒரு கை தூரத்தில் விழுந்தேன். அம்மா எழுந்துவிட்டார். நான் மெத்தையிலிருந்து எழுந்ததைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். திரும்ப ஏறி அதே இடத்தில் விழுந்தேன். இப்போது அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணைச் சுருக்கிப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடது காலு, அந்தக் கறுப்பா இருக்குது பாரு, அங்க வெச்சிப் பாரு."

வைத்துப் பார்த்தேன். அதுவும் வழுக்கியது. அம்மா உச்சுக்கொட்டினார், டி.வி.யில் கேட்ச் விட்டதைப் பார்த்தவர் மாதிரி. வெயில் ஏறும்வரை இருந்தோம். நான் கடைசிவரை மேலே போகவில்லை. கிளம்பும்போது அம்மா பாறையின் அருகே போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

பஸ் ஏற்றிவிட அப்படியே வந்தேன். எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார். வெள்ளையாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினார்.

"பாருங்க, கையெல்லாம் துன்னூறு. சாமிக்குன்னே இந்த ஊருக்குப் படிக்க வந்த பொண்ணு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திறந்துவிட்டார்.

"துன்னூறு இல்ல. கை வழுக்காம இருக்கப் போடுற பொடி. அவ சாமிக்கு வரல, பாறை ஏற வந்தா." அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு இன்னா இப்ப?"