நீலத் தொட்டியும் ஏலக்காய்த் தரையும்

இந்த நாட்டில் அபத்தத்துக்குப் பஞ்சமே இல்லை போலிருக்கிறது. இல்லாவிட்டால் அதைச் சொல்ல இத்தனை வார்த்தைகள் எதற்கு? பஸ் வராவிட்டால் 'ரிடிக்குலஸ்'. வெயிலில் மழை தூறினால் 'சில்லி'. ஆபீஸில் புது விதி போட்டால் 'பாங்கர்ஸ்', அதாவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு சொல்கிறார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எது வேடிக்கை, எது கோபம் என்று எனக்கு விளங்கவே இல்லை. போடிநாயக்கனூரில் எங்களுக்குக் 'கிறுக்குத்தனம்' ஒன்றே போதும். சொல்பவர் கண்ணைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும்.

வந்த முதல் வாரமே அப்படியொரு வார்த்தையிடம் மாட்டிக்கொண்டேன். மசாலாப் பொருள் இறக்குமதி செய்யும் கிடங்கில் தரம் பார்க்கும் வேலை. ஏலக்காய் மாதிரிப் பையைப் பிரித்துத் தட்டில் கொட்டினேன். நிறம் பார்த்தேன், ஒரு காயை உடைத்து மோந்தேன். பிறகு பழக்கதோஷத்தில் தட்டைத் தரையில் கவிழ்த்துவிட்டு அடுத்த பையை எடுத்தேன். மேற்பார்வையாளர் மார்கரெட் உருண்ட காய்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "திஸ் இஸ் அப்சர்ட்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் மண்டியிட்டுப் பொறுக்கினேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இந்த வேலை நிலைத்தால்தான் மனைவி நூர்ஜஹானை அழைத்துக்கொள்ள முடியும்.

போடி ஏலக்காய் ஏல மையத்தில் அதுதான் வழக்கம். வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாதிரிப் பை கைக்கு வரும். பிரித்துப் பார்த்துவிட்டுத் தரையில் கொட்டுவார்கள். பார்த்த காய் அடுத்த பைக் காயோடு கையில் கலந்துவிடக் கூடாதல்லவா. மத்தியானத்துக்குள் தரையே தெரியாது, பச்சைக் காய் மேல்தான் நடப்போம். சாயங்காலம் கூட்டி அள்ளிவிடுவார்கள், வீணாகாது. ஏல வியாபாரியான என் அத்தாவும் கொட்டினார், நானும் கொட்டினேன். அதில் கிறுக்குத்தனம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மதிய இடைவேளையில் நூர்ஜஹானுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மா சிரிச்சுச்சா, மொறச்சுச்சா?"

"ரெண்டும் இல்ல. ஒரே ஒரு வார்த்த சொன்னுச்சு."

"கிறுக்கன்னு வைஞ்சா சோலி போயிருமா? ஒங்க அத்தா ஒங்கள தெனமும்தான வைவாரு. ஒழுங்காச் சாப்பிடுங்க."

மறுநாள் காலையில் மார்கரெட் தரையைக் காட்டி "ஒய்?" என்று மட்டும் கேட்டார். விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. நூர்ஜஹானின் தம்பி காதர் எப்போதோ அனுப்பியிருந்த ஏல மைய வீடியோவைக் காட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தவர், எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "அப்சல்யூட்லி பாங்கர்ஸ்" என்றார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், எதற்கென்று தெரியாமலே. மத்தியானம் என் மேசைக்கு அடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. மார்கரெட் அதைக் காலால் என் பக்கம் நகர்த்தி, "யுவர் ஃப்ளோர்" என்றார், இனி இதுதான் என் தரையாம். அது மரியாதையா, கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலை மட்டும் நிலைத்தது.

நூர்ஜஹானை அழைத்துவர ஊருக்குப் போனபோது காதரோடு ஏல மையத்துக்குப் போனேன். தரையெல்லாம் காய். என் கைக்கும் ஒரு பை வந்தது. உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்த்தாயிற்று. ஆனால் கை கவிழ மறுத்தது. கால் நாற்காலிக்கு அடியில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான் தேடுறீங்க? கொட்டிட்டு வெரசா அடுத்ததப் பாருங்க."

"தரையத்தான் தேடுறேன் மாப்ளே."

காதர் என் காலடியைப் பார்த்தான். "என்ன மச்சான் கிறுக்குத்தனம் இது?" என்றான்.

வேடிக்கையா, கோபமா என்று அவன் கண்ணைப் பார்த்தேன். அளவு தெரியவில்லை. கை நிறையக் காயை மூடிக்கொண்டு, காய்களின் மேலேயே கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.