வால்வு மெஷினும் அண்ணனின் இடது கையும்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் பாடுவதை என் அண்ணன்தான் பதிவு செய்கிறான். மேலகரத்தில் அவன் வீட்டு முன்னறையில் பழைய வால்வு டேப் ரெக்கார்டர் ஒன்று இருக்கிறது. என்னிடமும் ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் மாடல், சுவிட்சைப் போட்டதும் ஓடும். அவனுடையது வால்வு சூடேறும்வரை காக்க வைக்கும். அந்தக் காத்திருப்பில் இருவரும் பேசிச் சிரிப்பார்கள். தென்காசியில், என் வீட்டில், அவள் அப்படிச் சிரிப்பதில்லை.

"உங்க மெஷின்ல மேல போனா என் சத்தம் கிழியுதுப்பா. பெரியப்பாவோடதுல உருண்டு வருது."

"அது பொய் சொல்லுதும்மா. உச்சத்த மழுக்கிக் குடுக்கு. என்னோடது உள்ளத உள்ளபடி சொல்லும்."

"அப்போ எனக்குப் பொய்யே போதும்."

சென்ற சாரல் சீசனில் ஒரு ஞாயிறு, என் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிந்து பார்த்துவிடலாம் என்றேன். பாதிப் பாட்டில் வால்வு மெஷின் இரையத் தொடங்கியது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அண்ணன் பின்மூடியைக் கழற்றிவிட்டு டார்ச் எடுக்க உள்ளே போனான். வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது அவன் வழக்கம். ஜமீன் தோரணை என்று நான் கேலி செய்ததுண்டு. அவன் வருவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. வால்வின் அடியில் ஓர் ஒயர் தொங்கியது. என் விரல் நுழையாது. அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"கைய உள்ள விட்டு அந்த ஒயர அமுக்கும்மா. ஒண்ணும் செய்யாது."

குற்றால அருவியில் அவளைத் தனியாக நிற்க விடாத நான் சொன்னது இது. என் மெஷினில் எத்தனையோ முறை அப்படித்தான் செய்திருக்கிறேன். அவள் விரலை நீட்டினாள்.

"ஏட்டி, கையெடு!"

வாசற்படியிலிருந்து அண்ணன் கத்தினான். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவன் வந்து இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, வலது கையிலிருந்த ஸ்குரூ டிரைவரால் உள்ளே தொட்டான். படீரென்று நீலப் பொறி தெறித்தது.

"படிச்சவன்தானலே நீ? பிளக்க எடுத்தாலும் உள்ள கரண்டு நிக்கும். ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியா போயிரும்லே."

பக்கத்தில் என் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வீட்டில் போட்டுக் கேட்டேன். பாட்டு, இரைச்சல், பிறகு என் குரல்: "ஒண்ணும் செய்யாது." கொஞ்சமும் மழுங்காமல், உள்ளபடி. அதை அழிக்கவும் முடியவில்லை, மறுபடி கேட்கவும் முடியவில்லை.

இப்போதும் ஞாயிறன்று நான்தான் அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். என் மெஷினை எடுத்துப் போவதில்லை. வண்டியில் உட்கார்ந்திருப்பேன். வால்வு சூடேறும் நேரம், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்.